இரைச்சலும் பாடபேதமும்

1

பெரியப்பா இறந்த பிறகு பரண்மேலிருந்து இறக்கிய பிஸ்கட் டின்னில் 23 கேஸட்டுகள் இருந்தன. அநேகமும் சினிமாப் பாட்டு. ஒரு தாளில் பட்டியல் எழுதி, காலி கேஸட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளும் ரிக்கார்டிங் கடைகள் தருமபுரியில் இருந்த காலத்தவை. ஒன்று மட்டும் வேறு ரகம். அட்டையில் அவருடைய சாயாத கையெழுத்தில் 'பதினெட்டாம் போர், 1986' என்று இருந்தது. அதியமான்கோட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், திரௌபதியம்மன் திருவிழாவின் கடைசி இரவுக் கூத்து. சிங்கப்பூரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில், பாட்டரி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்ததாகப் பெரியம்மா சொன்னார்.

இதைக் கணினிக்கு மாற்றினேன். மாற்றிய கையோடு இரைச்சலையும் நீக்கினேன். வேலை சுத்தமாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு ஆடிய வாத்தியார் இப்போது இல்லை. அவர் மகன் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டார். பிறகு, "அப்பா கொரல்தான் தம்பி. ஆனா பொட்டிச் சத்தத்தையே காணமே, எங்க போச்சு?" என்று கேட்டார்.

பொட்டி என்றால் ஆர்மோனியம். அது போன இடம் எனக்குத் தெரியும். நான்தான் எடுத்தேன். அப்போது அது எனக்கு இரைச்சலாக இருந்தது.

இரைச்சல் என்று எதைச் சொல்கிறோம், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அந்தத் திண்ணையில்தான் வந்தது. இதைத் தொழில்நுட்ப விஷயம் என்று ஒதுக்கிவிட எழுத்தாளர்களுக்குச் சௌகரியமாக இருக்கும். நான் அப்படிக் கருதவில்லை. பழைய பிரதிகளோடு உறவுள்ள எல்லோருக்கும் இது பொது.

2

ஒலிநாடாவின் சரித்திரத்தை இரைச்சலோடு நடந்த பேரத்தின் சரித்திரமாகவும் படிக்கலாம். காகித நாடாவில் இரும்புத் தூளை ஒட்டி ஒலியைப் பதியலாம் என்று ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர் 1928இல் காட்டினார். அதையொட்டி உருவான 'மேக்னட்டோஃபோன்' யந்திரம் 1935இல் பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் ஒலியை ஸங்கீதத்துக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது. சீறல் அவ்வளவு இருந்தது. நாடாவின் மேலுள்ள காந்தத் துகள்கள் ஒழுங்கற்றுக் கிடப்பதுதான் சீறலின் மூலம். ஒன்றுமே பதியாத நாடாவும் ஓடும்போது பேசும்.

1940இல் ஜெர்மன் வானொலியைச் சேர்ந்த வால்ட்டர் வேபரும் ஃபான் பிரவுன்ம்யூலும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கோளாறான ஒரு பெருக்கி தானாக அதிரத் தொடங்கியபோது, அதன் வழியாகப் பதிந்த நாடாவில் சீறல் வெகுவாகக் குறைந்திருந்தது. காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வு ஒன்றைப் பாட்டோடு சேர்த்துப் பதித்தால் நாடா அமைதியாகிறது என்று தெரிந்தது. பின்னால் வந்த ஒலிநாடாக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதுவே அடிப்படை. இரைச்சலைக் குறைத்த முதல் பெரிய அடி, கேட்காத ஓர் இரைச்சலைக் கூட்டியதால் கிடைத்தது.

இப்படிச் சம்பாதித்த அமைதியைக் கேஸட் செலவழித்துவிட்டது. ஃபிலிப்ஸ் கம்பெனி 1963இல் பெர்லினில் அதை வெளியிட்டபோது, பேச்சைக் குறித்துக்கொள்ளும் சாதனம் என்ற எண்ணமே முன்னால் நின்றது. ஸ்டூடியோவில் நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும், கேஸட்டில் 4.76 சென்டிமீட்டர்தான். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதிலும் இரண்டு பக்கம், ஸ்டீரியோ என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு தடம். ஒரு தடத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். இவ்வளவு குறுகிய வழியில், இவ்வளவு மெதுவாகப் போகிற பாட்டோடு சீறலும் கூடவே வரத்தான் செய்யும்.

ஆனால் இந்த மலிவுதான் நமக்கு வாய்த்தது. இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவுக்குள் ஒருநாளும் கால் வைத்திராதவர்களின் குரல் கேஸட்டில் ஏறியது. வட இந்தியாவில் கேஸட் எப்படிப் பெருங்கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்து வட்டாரப் பாட்டுகளை வெளியே கொண்டுவந்தது என்று பீட்டர் மேனுவல் 1993இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இங்கேயும் விற்பனைக்கு வந்த கேஸட்டுகள் ஒரு பங்குதான். மடியில் வைத்துப் பதிந்த கூத்து, ஒப்பாரி, கல்யாண வீட்டு நலங்கு, கோயில் பஜனை என்று பெயர்ப்பட்டியல் எதிலும் ஏறாத இன்னொரு பங்கு வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பிரதி. அந்த ஒரு பிரதியும் சீறுகிறது.

3

இரைச்சல் குறைப்பு என்றதும் வருகிற பெயர் டால்பி. தியேட்டர் வாசலில் அந்தப் பெயரைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த மனிதர் இந்தியாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. ரே டால்பி (1933–2013) அமெரிக்கர். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டிகரில், மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனத்தில் இருந்தார். ஓய்வு நேரத்தில் இந்திய ஸங்கீதத்தைப் பதிவு செய்ததாகவும், இரைச்சல் குறைப்பின் கரு அந்த நாட்களிலேயே அவர் மனத்தில் விழுந்ததாகவும் அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. 1965இல் லண்டன் போய்ச் சொந்தக் கூடத்தைத் தொடங்கினார். முறை முதலில் ஸ்டூடியோக்களுக்குப் போனது. வீட்டு உபயோகத்துக்கான எளிய வடிவம், டால்பி பி, 1968இல் வந்தது.

அந்த முறையின் தர்க்கம் அழகானது. பதியும்போதே, பாட்டின் மெல்லிய உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிய வேண்டும். உரத்த இடங்களைத் தொட வேண்டாம். உரத்த ஒலி சீறலைத் தானே மறைத்துவிடும். திரும்ப ஓட்டும்போது, தூக்கிய அளவுக்கே இறக்க வேண்டும். பாட்டு பழைய நிலைக்கு வரும். நடுவில் நாடாவில் ஒட்டிய சீறல், தூக்கப்படாமல் இறக்க மட்டும் படுவதால் அமுங்கிப் போகும். டால்பி பியில் இந்த லாபம் உச்ச ஒலிகளில் சுமார் 10 டெசிபல்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இது சீறலை நாடாவிலிருந்து பிடுங்கி எடுப்பதல்ல. சீறல் வரப்போகிறது என்று தெரிந்து, அது வருவதற்கு முன்பே பாட்டுக்குக் காப்புக் கட்டுவது. பதிகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் அது. இருவரும் ஒரே விதியைப் பின்பற்றினால்தான் பலிக்கும். ஒப்பந்தமில்லாத கேஸட்டைப் போட்டுவிட்டு டால்பி பொத்தானை அமுக்கினால் சீறல் குறையும். கூடவே தாளத்தின் கூர்மையும் குறையும். அப்படி அமுக்கிவிட்டு 'சத்தம் நல்லாருக்கு' என்று திருப்திப்பட்டவர்கள் நிறையப் பேர்.

பெரியப்பாவின் டூ-இன்-ஒன்னுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. சொல்லப்போனால் எதிர்ப்பக்கம். அந்த மாதிரிக் கருவிகள் ஒலியின் அளவைத் தாமே பார்த்துக்கொள்ளும். பாட்டு உரத்தால் இறக்கும். பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால், எதையாவது பிடிக்க வேண்டுமென்று சுற்றுப்புறத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஆகவே அந்தக் கேஸட்டில் மௌனமே இல்லை. வாத்தியார் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சல், தூங்கி எழுந்த குழந்தை, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் எழுந்து முன்னால் வருகின்றன.

4

ஒப்பந்தம் இல்லாத நாடாவுக்கு மிஞ்சுவது ஊகம். 1979இல் ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை இந்த ஊகத்துக்கு ஒரு கணிதம் கொடுத்தது. பேச்சில்லாத ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்வது; அதில் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று கணக்கிடுவது; அந்த அளவை முழுப் பதிவிலிருந்தும் கழிப்பது. பேச்சைத் தெளிவாக்குவதற்கென்று யோசித்த வழி. இன்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களிலும் இதன் வாரிசுகள் இருக்கின்றன. இரண்டு சொடுக்கில் வேலை முடிந்துவிடும்.

இந்தக் கணிதத்துக்குப் பின்னால் ஓர் அபிப்ராயம் ஒளிந்திருக்கிறது. மாறாமல் தொடர்ந்து இருப்பது இரைச்சல், மாறிக்கொண்டிருப்பது செய்தி. டெலிபோன் பேச்சுக்கு இது சரியாக இருக்கலாம். நம் ஸங்கீதத்தில், மாறாமல் தொடர்ந்து இருப்பதற்குப் பெயர் ஸ்ருதி.

நான் செய்தது இது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே யாரும் பாடாத ஒன்றரை நொடியைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று யந்திரத்துக்குக் காட்டினேன். அந்த ஒன்றரை நொடியில் நாடாவின் சீறல் இருந்தது. பெட்ரோமாக்ஸ் இருந்தது. ஆர்மோனியக்காரர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஸ்ருதியும் இருந்தது. யந்திரம் மூன்றையும் சமமாகப் பாவித்தது. ஆர்மோனியம் போனதோடு நிற்கவில்லை. பாடுகிறவர் அந்த ஸ்ருதியில் வந்து நிற்கும்போது, அவர் குரலின் மெல்லிய பகுதிகள் அதே அதிர்வெண்களில் விழுகின்றன. யந்திரம் அவற்றையும் கழித்தது. எங்கெல்லாம் அவர் ஸ்ருதியோடு நன்றாகச் சேர்ந்தாரோ அங்கெல்லாம் குரல் உள்ளீடற்றுப் போயிற்று. கொஞ்சம் விலகிப் பாடிய இடங்கள் தப்பித்தன. முகவீணையின் வால்களும் தாளத்தின் ஓய்ந்துபோகிற ரீங்காரமும் தண்ணீருக்கடியிலிருந்து வரும் குருவிச் சத்தம் போல ஆயின.

இதோடு முடிந்திருந்தால் மறுபடி பதிந்துகொள்ளலாம். நான் சுத்தப்படுத்திய கோப்பை, மூலக் கோப்பின் மேலேயே, அதே பெயரில் சேமித்துவிட்டிருந்தேன். திண்ணையிலிருந்து திரும்பிய ராத்திரி கேஸட்டை மறுபடி போட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் பழைய டெக்கின் ரப்பர் உருளை நாடாவை இழுத்துச் சுற்றிக்கொண்டது. எடுத்து, நீவி, ஒட்டிப் பார்த்தும் பயனில்லை. 40 நொடி போயிற்று. நாடாக் கணக்கில் சுமார் 190 சென்டிமீட்டர். என் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்த 40 நொடியில் கூத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டியங்காரன் உள்ளே போகிறான். மத்தளம் தனியாக ஓடுகிறது. ஆனால் முதல் தடவை கேட்டபோது அங்கே, மைக்குக்கு வெகு அருகில், பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. குறுக்கே பேசிவிட்டாரே என்று எரிச்சல்தான் வந்தது. 23 கேஸட்டுகளில் அவர் குரல் இருக்கிற ஒரே இடம் அது. இப்போது இருப்பது என் சுத்தமான பிரதி மட்டும். அதில் குருவிச் சத்தம் கேட்கிறது.

5

ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷத்தில் பாடபேதத்தை நான் அறிந்தது ஹாம்லெட்டின் மூலம். 1603இல் ஒரு பிரதி, அடுத்த ஓரிரு வருஷத்தில் ஒன்று, 1623இல் ஒன்று. எதுவும் மற்றதைப் போலில்லை. சொந்த ஊரின் பாடத்தைப் பின்னால்தான் கவனித்தேன். எங்கள் ஊர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது. அவன் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்ததைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை சில பாட்டுகள். அவையும் அந்நூலைக் காப்பாற்ற எண்ணியவர்களால் வந்தவை அல்ல. தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உதாரணம் தேடிய நச்சினார்க்கினியர் சிலவற்றை உரைக்குள் எடுத்தாண்டார். புறத்திரட்டைத் தொகுத்தவர் பொருள்வாரியாகச் சிலவற்றைச் சேர்த்தார். உரைக்காரருக்கு அந்தப் பாட்டு பின்னணி. இலக்கண விதிதான் செய்தி. இன்று தகடூரைத் தேடுகிறவனுக்கு விதி பின்னணி, பாட்டுதான் செய்தி. உரையைச் சுருக்கித் தெளிவாக்குகிறேன் என்று இடையில் ஒரு நல்ல மனிதர் உதாரணங்களை நீக்கியிருந்தால், நமக்கு மிஞ்சியிருப்பது நூலின் பெயர் மட்டும்.

அஞ்சியை ஔவை பாடிய பாட்டுகள் உள்ள புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். 267, 268 ஆகிய இரு பாட்டுகள் ஏடுகளில் கிடைக்கவில்லை. அந்த எண்களை அவர் மூடி மறைக்கவில்லை; காலியாக விட்டார். பிற்பகுதியில் எத்தனையோ பாட்டுகளில் சொற்கள் சிதைந்திருக்கின்றன. அங்கே புள்ளிகள் இருக்கின்றன. யாப்பு அறிந்த ஒரு பண்டிதருக்கு அந்த இடங்களில் சீருக்குப் பொருந்துகிற சொல்லைப் போட்டு நிரப்புவது ஒரு மாலை நேர வேலை. நிரப்பியிருந்தால் படிக்கச் சுகமாகவும் இருந்திருக்கும். அந்தப் புள்ளிகள்தான் எனக்கு இப்போது சாமிநாதையரின் மகத்தான வரிகளாகத் தோன்றுகின்றன.

ஒலிக்காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் 2004இல் வெளியிட்டு 2009இல் திருத்திய வழிகாட்டியின் சாரமும் இதுவே. முதல் பிரதியில் எதையும் நீக்காதே, கூட்டாதே, நொடிக்குக் குறைந்தது 48,000 முறை அளந்து, 24 பிட் நுட்பத்தில், நாடா தருவதை அப்படியே எடுத்துவை, சுத்தப்படுத்துவதானால் அதன் நகலில் செய், செய்ததை எழுதிவை. பாங்கில் இதைப் பிரசங்கமாக யாரும் சொல்வதில்லை. முதல் வாரத்திலேயே பழகிவிடுகிறது. பேரேட்டில் தப்பாக எழுதினால் சுரண்டக்கூடாது. படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். கணினி வந்த பின்பும் பதிவை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவுதான் போடுகிறோம். பிறர் பணத்துக்குத் தினமும் காட்டுகிற மரியாதையைப் பெரியப்பாவின் கேஸட்டுக்கு நான் காட்டவில்லை.

இரைச்சலை நீக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு பாவனைதான். சீறலைக் கேட்டுப் பழமையை ரசிக்கிற நகரத்து ருசி. நீக்கத் தேவையில்லாத இரைச்சலை முதலில் வரவிடாமல் தடுக்கலாம். ஓட்டுகிற டெக்கின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே பாதி மங்கல் போய்விடும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகை, உச்ச ஒலி எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அதுவரை மெல்லத் திருப்பினால், மென்பொருளால் மீட்க முடியாதது நாடாவிலிருந்தே வந்துவிடும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால், நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். இதெல்லாம் ஏட்டைத் துடைத்து மை பூசிப் படிப்பது போல. எழுத்தை மாற்றுவதில்லை. அதற்குப் பிறகு ஊகம் செய்யலாம். ஊகம் என்று பெயரிட்டு.

இரண்டாம் முறை எடுத்த முழுப் பிரதியில் ஒரு விஷயம் அகப்பட்டது. முதல் தடவை நான் எரிச்சலோடு ஒரே சொடுக்கில் வெட்டி எறிந்த ஒரு தாழ்ந்த முணுமுணுப்பு, பதிவு முழுக்க ஓடுகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்வது. அதன் ஒலி அது. என் டெக்கிலிருந்து வருகிறதோ என்று நாடாவை நிறுத்திப் பார்த்தேன், இல்லை. அளந்தால் 50 அல்ல, 51க்கு அருகில் நிற்கிறது. என் டெக் சற்று வேகமாக ஓடுகிறது. ஆகவே அது நாடாவிலேயே பதிந்திருப்பது. ஆனால் கூத்து நடந்தது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், பதிந்தது பாட்டரியில். அந்த முணுமுணுப்பு அங்கே வர வழியில்லை. வேறொரு நாளில், கரண்டில் ஓடுகிற ஒரு கருவியில், இன்னொரு கேஸட்டிலிருந்து இது நகல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். டின்னில் இருந்தது மூலமல்ல, பிரதி.

பெரியப்பா மூலத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொண்டிருக்கலாம். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்று பெரியம்மா சொல்கிறார். யாரிடம் என்று அவருக்கு நினைவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்றும் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கேஸட்டா, அதெல்லாம் எப்பவோ குப்பையில் போட்டாச்சு என்கிற வீடுகளே அதிகம்.

வாத்தியாரின் மகனுக்கு இரைச்சலோடு கூடிய பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 40 நொடிக்கு ஒன்றும் கேட்காது, அது என் பிழை என்று முன்னாலேயே சொன்னேன். நிரப்பலாம், சுத்தப்படுத்திய துண்டு என்னிடம் இருக்கிறது. அதைத் தனிக் கோப்பாக, வேறு பெயரில் வைத்திருக்கிறேன். அந்த இடம் வந்தபோது அவர் தலையாட்டாமல் காத்திருந்தார். மத்தளம் மறுபடி எழுந்ததும், பெட்ரோமாக்ஸ் சத்தத்துக்கு மேலே சன்னமாக ஆர்மோனியம் கேட்டது. "இது பொட்டி," என்றார்.